ஒரு புள்ளி, ஒரு கோலன், ஒரு டேப்: கான்ஃபிக் ஃபைல்களோட ஐம்பது வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே இருக்கட்டும்னு விட்டு, வாசிக்க வசதியா லேசா திருத்தியிருக்கோம்.)

இன்னிக்கு நம்ம கதை ஒரு புள்ளியில இருந்து ஆரம்பிக்குது.

2009 அக்டோபர் 12, திங்கட்கிழமை ராத்திரி. ஸ்வீடன் நாட்டோட இணைய முகவரி எல்லாம் டாட் எஸ்இ-ன்னு முடியும், நமக்கு டாட் இன் மாதிரி. அன்னிக்கு அந்த முகவரிகளை நிர்வகிக்கிற இடத்துல வழக்கமான பராமரிப்பு வேலை நடக்குது. முகவரிப் பட்டியலைத் தயார் பண்ற ஸ்கிரிப்ட்ல ஒரு பிசகு. ஒவ்வொரு பெயருக்கும் கடைசியில வர வேண்டிய ஒரு புள்ளியை அது போடல. அவ்வளவுதான். சுமார் 9 லட்சம் ஸ்வீடிஷ் முகவரிகள் வேலை செய்யல. வெப்சைட் திறக்கல, மெயில் போகல.

ஏன் ஒரு புள்ளிக்கு இவ்வளவு பவர்? அந்தப் பட்டியலுக்கு ஸோன் ஃபைல்னு பேரு. அதுல ஒரு பெயர் புள்ளியோட முடிஞ்சா, "இதுதான் முழுப் பெயர், இதுக்கு மேல எதுவும் சேர்க்காதே"ன்னு அர்த்தம். புள்ளி இல்லன்னா, "இது பாதிப் பெயர், மீதியை நீயே ஒட்டிக்கோ"ன்னு அர்த்தம். அதனால மெஷின் சொன்னபடி கேட்டு, ஏற்கனவே டாட் எஸ்இ-ன்னு முடியிற பெயருக்குப் பின்னாடி இன்னொரு டாட் எஸ்இ-யை ஒட்டிடுச்சு. அப்படி ஒரு முகவரி உலகத்திலேயே கிடையாது. ஒரு மணி நேரத்துக்குள்ள சரி பண்ணிட்டாங்க. ஆனா தப்பான பதிலை ஏற்கனவே வாங்கி சேமிச்சு வெச்சிருந்த சர்வர்கள்ல அது இன்னும் கொஞ்ச நேரம் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

தமிழ் படிச்ச நமக்கு இது புதுசு இல்ல. "கல"வுக்கும் "கல்"லுக்கும் நடுவுல நிக்கிறது ஒரே ஒரு புள்ளிதான். வித்தியாசம் என்னன்னா, நாம புள்ளி வைக்க மறந்தாலும் படிக்கிறவங்க சந்தர்ப்பத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்குவாங்க. கம்ப்யூட்டர் புரிஞ்சுக்காது.

இன்னிக்கு நாம பேசப் போறது இந்த மாதிரி ஃபைல்களைப் பத்திதான். நோட்பேட்ல திறந்து படிக்கிற மாதிரி, வெறும் எழுத்தால ஆன செட்டிங்ஸ் ஃபைல்கள். கான்ஃபிக் ஃபைல்னு சொல்லுவோம். உங்க ஃபோன்ல இருந்து பேங்க் சர்வர் வரைக்கும் எல்லாத்துக்கும் அடியில இது ஓடுது. இதுக்கு ரெண்டு வாசகர்கள். ஒண்ணு மெஷின், இன்னொண்ணு மனுஷன். இந்த ரெண்டு பேர்ல யாருக்காக எழுதுறதுங்கிற இழுபறிதான் இதோட மொத்த வரலாறும்.

எல்லாரும் படிக்கலாம்: பாஸ்வேர்ட் ஃபைல்

முதல்ல அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துக்குப் போவோம். 1960கள். சிடிஎஸ்எஸ்-ன்னு ஒரு சிஸ்டம். ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே நேரத்துல பயன்படுத்த வழி பண்ண ஆரம்பகால முயற்சிகள்ல ஒண்ணு. அதுல ரெண்டு டெக்ஸ்ட் ஃபைல். ஒண்ணு, லாகின் பண்ற எல்லாருக்கும் காட்டுற "இன்றைய அறிவிப்பு". இன்னொண்ணு, எல்லாரோட பாஸ்வேர்டும் இருக்கிற ஃபைல். ஒரு நாள் ரெண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்துல உட்கார்ந்து, ஒருத்தர் இதையும் ஒருத்தர் அதையும் எடிட் பண்றாங்க. எடிட்டர் புரோகிராம் தற்காலிக ஃபைலுக்கு ஒரே பெயரைத்தான் வைக்கும். ரெண்டும் இடம் மாறிடுச்சு. அதுக்கப்புறம் லாகின் பண்ண ஒவ்வொருத்தர் முன்னாடியும் அறிவிப்புக்குப் பதிலா மொத்த பாஸ்வேர்ட் பட்டியலும் வந்து நின்னுச்சு.

அடுத்து பெல் லேப்ஸ். 1969ல கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை ஆரம்பிக்கிறாங்க. 1971 நவம்பர்ல வந்த அதோட முதல் கையேட்டிலேயே பாஸ்வேர்ட் ஃபைல் இருக்கு. அமைப்பு ரொம்ப எளிமை. ஒரு ஆளுக்கு ஒரு வரி. விவரங்களுக்கு நடுவுல ஒரு கோலன், அதாவது முக்காற்புள்ளி. பெயர், பாஸ்வேர்ட், எண், ஹோம் ஃபோல்டர், லாகின் ஆனதும் ஓட வேண்டிய புரோகிராம். இன்னிக்கு உங்க லேப்டாப்ல லினக்ஸ் இருந்தா, எட்சி ஃபோல்டருக்குள்ள போய் அந்த ஃபைலைத் திறந்து பாருங்க. நடுவுல சில விவரங்கள் கூடியிருக்கு, ஆனா அதே கோலன், அதே வரி. அரை நூற்றாண்டுக்கு முன்னாடி ஒருத்தர் போட்ட வடிவத்தை எந்த ஸ்பெஷல் சாஃப்ட்வேரும் இல்லாம நீங்க படிக்கலாம்.

அதுல ஐந்தாவது இடத்துல ஜீகாஸ்னு ஒரு விவரம் வரும். இப்ப அதுல ஆளோட முழுப் பெயரைப் போடுறாங்க. ஆனா அந்தப் பெயர் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியோட பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தோடது. பெல் லேப்ஸ்ல பிரின்ட் எடுக்கிற வேலையை அந்த சிஸ்டம் இருந்த கம்ப்யூட்டருக்கு அனுப்புவாங்க. அது கேட்கிற அடையாளத்தை எழுதி வைக்க ஒரு இடம் தேவைப்பட்டுச்சு. அந்த கம்ப்யூட்டர் எப்பவோ போயிடுச்சு, பெயர் மட்டும் நிக்குது. தெருவுல தியேட்டர் இருக்காது, ஆனா பஸ் ஸ்டாப்புக்கு அந்தத் தியேட்டர் பெயரே இருக்குமே, அந்த மாதிரி.

இந்த ஃபைல்ல ஒரு பிரச்சனை. யார் வேணா படிக்கலாம். படிச்சாதான் இந்த எண் எந்த ஆளோடதுன்னு மத்த புரோகிராம்களுக்குத் தெரியும். பாஸ்வேர்டை நேரடியா எழுதாம உருமாத்தி வெச்சாங்க. ஆனா அகராதியில இருக்கிற சொற்களை எல்லாம் ஒண்ணொண்ணா உருமாத்திப் பார்த்து, எது பொருந்துதுன்னு கண்டுபிடிக்க முடியும். தாம்சனும் ராபர்ட் மோரிஸும் 1979ல இதைப் பத்தி ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதினாங்க. எம்ஐடி கதையும் அதுல இருக்கு. பிறகு 1980கள்ல பாஸ்வேர்டை மட்டும் தனியா பிரிச்சு, ஷேடோன்னு இன்னொரு ஃபைலுக்கு மாத்துனாங்க. அதை நிர்வாகி மட்டும்தான் படிக்க முடியும். பழைய ஃபைல்ல பாஸ்வேர்ட் இருந்த இடத்துல இப்ப ஒரு எக்ஸ் மட்டும் இருக்கும்.

இதுக்கு ஒரு சுவாரசியமான முடிவு. யூனிக்ஸோட பழைய சோர்ஸ் கோடுக்கு நடுவுல, அந்தக் காலத்து பாஸ்வேர்ட் ஃபைல் ஒண்ணும் பத்திரமா கிடந்துச்சு. சில ஆர்வலர்கள் அதை உடைச்சுப் பார்த்தாங்க. ஸ்டீவ் போர்னோட பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? போர்ன். தாம்சனோடது மட்டும் ரொம்ப நாள் அசையல. 2019ல ஒரு கிராஃபிக்ஸ் கார்டை நாலு நாளைக்கு மேல ஓட விட்டு ஒருத்தர் கண்டுபிடிச்சார். அது ஒரு செஸ் நகர்வு! ராணிக்கு முன்னாடி நிக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளுறது. தாம்சன் பெல்-னு ஒரு செஸ் மெஷினையே கட்டினவர். வேற என்ன பாஸ்வேர்ட் வைப்பார்?

மறைஞ்சு நிக்கிற ஃபைல்கள்

இப்ப மறுபடி புள்ளிக்கு வருவோம். புள்ளியில ஆரம்பிக்கிற ஃபைல்களை டாட்ஃபைல்னு சொல்றோம். ஃபோல்டரைத் திறந்தா சாதாரணமா கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு புரோகிராமும் தன்னோட செட்டிங்ஸை அங்கதான் பதுக்கி வைக்கும். இதை யாரோ யோசிச்சு டிசைன் பண்ணாங்கன்னுதான் நினைப்போம்.

பெல் லேப்ஸ்ல வேலை பார்த்த ராப் பைக் 2012ல சொன்ன கதை வேற. யூனிக்ஸ்ல ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் வந்தப்போ, ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ரெண்டு பெயர் தானா சேர்ந்துச்சு. ஒத்தைப் புள்ளின்னா "இந்த ஃபோல்டர்", ரெட்டைப் புள்ளின்னா "ஒரு படி மேல". பட்டியல் காட்டும்போது இந்த ரெண்டும் எதுக்குன்னு, தாம்சனோ ரிச்சியோ ஒரு குறுக்குவழி போட்டாங்க. முதல் எழுத்து புள்ளியா இருந்தா விட்டுடு. முழுப் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கிற சிரமம் மிச்சம். ஆனா புள்ளியில ஆரம்பிக்கிற எல்லா ஃபைலும் அதோட சேர்ந்து மறைஞ்சுபோச்சு. "அட, இது வசதியா இருக்கே"ன்னு மத்தவங்க தங்களோட செட்டிங்ஸை அங்க கொண்டுபோய் வெச்சாங்க. இன்னிக்கு நம்ம ஹோம் ஃபோல்டர்ல எட்டிப் பார்த்தா ஐம்பது டாட்ஃபைல் இருக்கும். எல்லாத்துக்கும் மூலம் ஒரு சின்ன சோம்பேறித்தனம்.

அந்த ஃபைல் பெயர்கள் பலதும் ஆர்சி-ன்னு முடியும். பாஷ்ஆர்சி, விம்ஆர்சி. அது ரன்காம்ங்கிற சொல்லோட சுருக்கம். கட்டளைகளை வரிசையா எழுதி வெச்சு ஓட விடுறதுக்கு லூயி பூசான் எம்ஐடியில எழுதின புரோகிராமோட பெயர். ஆமா, பாஸ்வேர்டை ஊருக்கே காட்டுச்சே, அதே சிடிஎஸ்எஸ்.

ஒரே ஃபைல்ல மொத்த நெட்வொர்க்

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. இன்டர்நெட்டோட முன்னோடி ஆர்பாநெட். 1970கள்ல அதுல இருக்கிற எல்லா கம்ப்யூட்டரோட பெயரும் முகவரியும் ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல இருந்துச்சு. ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி. கலிஃபோர்னியாவுல மென்லோ பார்க்ல இருந்த ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்ல எலிசபெத் ஃபைன்லரோட குழு அதைப் பராமரிச்சுது. எல்லாரும் அவரை ஜேக்னு கூப்பிடுவாங்க.

உங்க ஊர்ல புதுசா ஒரு கம்ப்யூட்டர் நெட்வொர்க்ல சேருதா? அவங்களுக்குச் சொல்லணும். அவங்க அந்தப் பெயர் வேற யார்கிட்டயாவது இருக்கான்னு பார்த்து, ஃபைல்ல ஒரு வரி சேர்ப்பாங்க. மத்த எல்லாரும் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு முறை புது ஃபைலை இறக்கிக்குவாங்க. யோசிச்சுப் பாருங்க, ஒரு நெட்வொர்க்கோட மொத்த ஃபோன் டைரக்டரியும் ஒரு சின்ன அலுவலகத்துல, கையால.

ஆனா நெட்வொர்க் வளர வளர தாங்கல. ஃபைலை இறக்குற டிராஃபிக்கே பாரமாச்சு. ஒருத்தர்கிட்ட பழைய காப்பி, இன்னொருத்தர்கிட்ட புது காப்பி. 1983 நவம்பர்ல பால் மோக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்-க்கான வரையறையை வெளியிட்டார். ஒரே ஃபைலை ஆயிரம் துண்டா உடைச்சு, அவங்கவங்க துண்டை அவங்கவங்களே பார்த்துக்கிற ஏற்பாடு. அந்தத் துண்டுக்குப் பேருதான் ஸோன் ஃபைல். ஆரம்பத்துல சொன்ன ஸ்வீடன் கதையில புள்ளி விட்டுப்போனது அப்படி ஒரு துண்டுலதான். டாட் காம், டாட் எஜு மாதிரி பிரிவுகள் உருவானதுல ஃபைன்லர் குழுவுக்குப் பெரிய பங்கு இருக்கு. 2012ல அவர் இன்டர்நெட் ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்க்கப்பட்டார்.

அந்தப் பழைய ஃபைல் சாகல. இன்னிக்கும் உங்க கம்ப்யூட்டர்ல ஹோஸ்ட்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கு, விண்டோஸ்ல கூட. அதுல ஒரு வரி எழுதி ஒரு விளம்பர சைட்டை முடக்கலாம். ஃபைன்லரோட டைரக்டரியில உங்களுக்குன்னு ஒரு தனிப் பிரதி.

பன்னிரண்டு பேருக்காக

1976, மறுபடி பெல் லேப்ஸ். ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்-னு ஒரு கருவி எழுதுறார். எந்த ஃபைல் மாறினா எதை மறுபடி கம்பைல் பண்ணணும்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி வெச்சா, மீதியை அது பார்த்துக்கும். அதுல கட்டளை வரிகள் கட்டாயம் டேப்ல ஆரம்பிக்கணும். ஸ்பேஸ் போட்டா எரர். திரையில ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும்! இதனால தூக்கம் போன காலேஜ் பசங்க எத்தனை பேர்!

ஃபெல்ட்மனுக்கே இது சரியில்லன்னு சீக்கிரமே தெரிஞ்சுது. ஆனா அதுக்குள்ள ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்த ஆரம்பிச்சுட்டாங்க, பெரும்பாலும் நண்பர்கள். அவங்க ஃபைல் எல்லாம் உடைஞ்சுடுமேன்னு விட்டுட்டார். 2003ல அந்தக் கருவிக்காக அவருக்கு ஏசிஎம் விருது கிடைச்சுது. டேப் இன்னும் இருக்கு. கான்ஃபிக் ஃபைலோட விதியே இதுதான். பத்துப் பேர் ஒரு வடிவத்தைப் பயன்படுத்த ஆரம்பிச்சுட்டா, அது கிட்டத்தட்ட கல்வெட்டு.

மனுஷனை மறந்து, மெஷினுக்கு மட்டும் எழுதினா என்ன ஆகும்ங்கிறதுக்கு சென்ட்மெயில் உதாரணம். 1980களோட ஆரம்பத்துல பெர்க்லியில எரிக் ஆல்மன் எழுதின மெயில் சாஃப்ட்வேர். வேலை பிரமாதமா செய்யும். ஆனா அதோட கான்ஃபிக் ஃபைலைப் பார்த்தா, கீபோர்டு மேல பூனை நடந்து போன மாதிரி இருக்கும். டெக்ஸ்ட்தான், ஆனா படிக்க முடியாது. அதை விளக்க வந்த புத்தகம் பிந்தைய பதிப்புகள்ல ஆயிரம் பக்கத்தைத் தாண்டிடுச்சு. கடைசியில மேக்ரோவை வெச்சு அந்த ஃபைலை வேற ஒரு சின்ன ஃபைல்ல இருந்து உற்பத்தி பண்ண வேண்டி வந்துச்சு.

விண்டோஸ் போட்ட வேற ரூட்

மைக்ரோசாஃப்ட்டும் டெக்ஸ்ட்லதான் ஆரம்பிச்சுது. 1985ல வந்த முதல் விண்டோஸ்லயே வின் டாட் ஐஎன்ஐ இருந்துச்சு. சதுர அடைப்புக்குறிக்குள்ள தலைப்பு, கீழ பெயர், சமக்குறி, மதிப்பு. ஒரு குழந்தை கூடப் புரிஞ்சுக்கும். ஆனா ஒவ்வொரு புரோகிராமும் தன்னோட வரிகளை அதுக்குள்ள கொட்டுச்சு. ஃபைலுக்கு 64 கேபி வரம்பு. எந்த வரி யாரோடதுன்னு தெரியாது. ஒரே கம்ப்யூட்டரை ரெண்டு பேர் பயன்படுத்தினா ரெண்டு பேருக்கும் ஒரே செட்டிங்.

இதுக்குப் பதிலா வந்ததுதான் ரெஜிஸ்ட்ரி. 1992ல விண்டோஸ் 3.1-ல சின்னதா எட்டிப் பார்த்து, என்டி, விண்டோஸ் 95-ல முழுசா வளர்ந்துச்சு. நியாயமா சொல்லணும்னா, அதுக்குக் காரணங்கள் இருந்துச்சு. வேகம், ஆளுக்கு ஆள் தனி செட்டிங், யார் எதை மாத்தலாம்னு கட்டுப்பாடு. ஆனா அது பைனரி. நோட்பேட்ல திறந்தா ஒண்ணும் புரியாது, அதுக்குன்னு தனி கருவி வேணும். "இதை ஏன் இப்படி வெச்சேன்"னு பக்கத்துல ஒரு குறிப்பு எழுதவும் இடமில்ல. புரோகிராமை அழிச்சாலும் உள்ள மிச்சம் மீதி தங்கிடும். அதைச் சுத்தம் பண்ணித் தர்றோம்னு ஒரு சாஃப்ட்வேர் சந்தையே உருவாச்சு. அந்த எளிமையான ஐஎன்ஐ வடிவம் என்னாச்சு? லினக்ஸ் பக்கம் போய் சௌக்கியமா இருக்கு. கிட், சிஸ்டம்டி ரெண்டோட கான்ஃபிக்கும் அதே சதுர அடைப்புக்குறியிலதான் இருக்கு.

நார்வே எங்க போச்சு?

1998ல எக்ஸ்எம்எல் வந்துச்சு. ஒரு சொல்லை எழுத, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு டேக். அதுல சலிச்சுப்போனவங்களுக்கு 2000களோட ஆரம்பத்துல ரெண்டு மாற்று கிடைச்சுது. ஒண்ணு, டக்ளஸ் கிராக்ஃபோர்ட் பிரபலப்படுத்தின ஜேசான். ரொம்ப சுத்தமான வடிவம், ஆனா கமென்ட் எழுத முடியாது. கமென்ட்டுக்குள்ள சிலர் மெஷினுக்கான ரகசியக் கட்டளைகளை எழுத ஆரம்பிச்சதால அதையே எடுத்துட்டதா அவரே பின்னாடி சொன்னார். ரெண்டு மெஷின் பேசிக்கிறதுக்கு அது சரி. ஆனா அப்புறம் எல்லாரும் அதைக் கான்ஃபிக்கா பயன்படுத்த ஆரம்பிச்சுட்டாங்க. மனுஷ வாசகனுக்கு இருந்த ஒரே இடமும் போச்சு.

இன்னொண்ணு யாமல். அடைப்புக்குறி எதுவும் வேண்டாம், உள்ளே தள்ளி எழுதினா போதும். கண்ணுக்கு அழகு. ஆனா கொஞ்சம் அதிகப்பிரசங்கி. நாட்டுக் குறியீடுகளைப் பட்டியல் போட்டு, நார்வேக்கு என்ஓ-ன்னு மேற்கோள்குறி இல்லாம எழுதினா, அது ஆங்கிலத்துல "நோ"ங்கிற சொல், அதாவது பொய்னு எடுத்துக்கும். வெர்ஷன் 1.10-னு எழுதினா 1.1-னு எண்ணாக்கிடும். 2009ல வந்த யாமல் 1.2, நார்வே சிக்கலைச் சரி பண்ணுச்சு. ஆனா பழைய விதியைப் பின்பற்றுற லைப்ரரிகள் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. கல்வெட்டுன்னு சொன்னேன் இல்ல? 2013ல டாம் பிரெஸ்டன் வெர்னர் டோமல்னு ஒண்ணு கொண்டுவந்தார். பார்த்தா பழைய ஐஎன்ஐ, புதுசா குளிச்சுட்டு வந்து நிக்கிற மாதிரி இருக்கும்.

சரி, நமக்கு என்ன?

இந்த வரலாறு வெறும் பொழுதுபோக்கு இல்ல. நீங்க முதல் வேலையில சேர்ந்த மூணாவது வாரம், யாரோ எழுதி வெச்சுட்டுப் போன ஒரு கான்ஃபிக் ஃபைலை மாத்தச் சொல்லுவாங்க. அப்ப இந்தக் கதைகள்ல இருந்து எடுத்துக்க நாலு விஷயம் இருக்கு.

ஒண்ணு, மாத்துறதுக்கு முன்னாடி ஒரு காப்பி. கிட்-ல வெச்சிருந்தா இன்னும் நல்லது. டெக்ஸ்ட் ஃபைலோட பெரிய வரமே, நேத்தைக்கும் இன்னிக்கும் என்ன மாறுச்சுன்னு வரி வரியா பார்க்க முடியும்ங்கிறதுதான்.

ரெண்டு, ஓட விடுறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாருங்க. என்ஜின்எக்ஸ் மாதிரி பல சாஃப்ட்வேர்ல, ஃபைலை மட்டும் சரிபார்த்துச் சொல்ற கட்டளை உண்டு. நிர்வாகி உரிமை யாருக்குன்னு எழுதுற சுடோயர்ஸ் ஃபைலை விசுடோ வழியா மட்டும் திறங்க. தப்பு இருந்தா சேமிக்கிறதுக்கு முன்னாடியே எச்சரிக்கும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல எடிட் பண்ணவும் விடாது. எம்ஐடி கதை ஞாபகம் இருக்குல்ல? வாட்ஸ்அப்ல இருந்தும் வேர்ட்ல இருந்தும் காப்பி பண்ணி ஒட்டாதீங்க. நேரான மேற்கோள்குறி வளைஞ்ச மேற்கோள்குறியா மாறி வந்திருக்கும். உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான், மெஷினுக்கு இல்ல.

மூணு, பாஸ்வேர்டையும் ஏபிஐ கீயையும் எல்லாரும் படிக்கிற ஃபைல்ல எழுதாதீங்க. 1980கள்லயே ஷேடோ ஃபைலைத் தனியா பிரிச்சது இதுக்காகத்தான். இன்னிக்கும் டாட் என்வ் ஃபைலை அப்படியே கிட்ஹப்ல ஏத்தி விடுறவங்க இருக்காங்க. ஏத்திட்டா, அழிச்சா மட்டும் போதாது. பழைய வரலாறுல அது இருக்கும். அந்தக் கீயையே மாத்துங்க.

நாலு, கமென்ட் எழுதுங்க. "டைம்அவுட் 30"ன்னு எழுதுறது மெஷினுக்கு. "10 வெச்சப்போ பேமென்ட் பாதியில அறுந்துச்சு, அதனால 30"ன்னு மேல ஒரு வரி எழுதுறது, ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் வந்து எழுந்து உட்கார்ந்திருக்கிற இன்னொரு மனுஷனுக்கு. அவர் உங்களைத் திட்டுவாரா, மனசார வாழ்த்துவாரா? அந்த ஒரு வரியிலதான் இருக்கு.

டீம்ல எல்லாருக்கும் தமிழ் தெரியும்னா, அந்தக் கமென்ட்டைத் தமிழ்லயே எழுதலாம். அதுக்கு வழி பண்ணதும் நம்ம தாம்சனும் ராப் பைக்கும்தான். 1992ல நியூ ஜெர்சியில ஒரு சாப்பாட்டுக் கடையில, தட்டுக்கு அடியில விரிக்கிற தாள்ல அவங்க யூடிஎஃப்-8 டிசைனை எழுதினாங்க. பழைய ஆங்கில டெக்ஸ்ட் ஃபைல் ஒண்ணு கூட உடையாம, உலகத்து மொழிகள் எல்லாத்துக்கும் அதுல இடம் கிடைச்சுது. அதுல ஒரு "அ" எழுத மூணு பைட் ஆகும். மெய் எழுத்தோட தலையில வைக்கிற புள்ளிக்கும் தனியா மூணு பைட்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும், சேமிக்கிறதுக்கு முன்னாடி புள்ளியை ஒரு தடவை பார்த்துக்கோங்க.